பெட்டியைப் பேச விடுங்கள்

"அங்கிள், டெர்மினல் எல்லாம் இப்ப யாரு யூஸ் பண்றா?" என்று சிரிக்கும் பிள்ளைகளுக்கும், "எழுபது தாண்டினப்புறம் இதெல்லாம் எதுக்கு சார், அதான் போன்ல ஆப் இருக்கே" என்று புத்தி சொல்லும் என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஓர் ஓரமாக விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும் ரௌட்டர், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்-டாப் பெட்டி, கூரை மூலையில் மாட்டிய கேமரா இவற்றின் வயிற்றுக்குள் எல்லாம் ஒரு முழுக் கணினி இருக்கிறது. பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடும். மின்சாரம் கொடுத்த நொடியிலிருந்து அந்தக் கணினி தான் என்ன செய்கிறது, எங்கே தடுக்கியது, எதற்காகக் காத்திருக்கிறது என்று வரிக்கு வரி சொல்லிக்கொண்டே எழுந்திருக்கிறது. நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். நமக்குத் தெரிவதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு. அதைப் பார்த்துவிட்டு வருகிற பையன், "பாக்ஸ் போயிடுச்சு சார், புதுசு மாத்திடலாம்" என்கிறான். போனது எது என்று அவனுக்கும் தெரியாது, அவனை அனுப்பியவருக்கும் தெரியாது. சொல்லத் தெரிந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதன் வாயை அடைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து குப்பையில் போடுகிறோம்.

பெட்டியின் பேச்சைக் கேட்கும் வழிக்குப் பெயர் சீரியல் கன்சோல். அந்த வழியை மூடி மறைக்கும் கம்பெனிகளோடும், அது நிபுணர்கள் சமாசாரம், உனக்கெதற்கு என்பவர்களோடும்தான் என் சண்டை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மொத்தம் மூன்று கம்பிகள். ஒன்று பேச, ஒன்று கேட்க, ஒன்று இருவருக்கும் பொதுவான தரை. என் வாய் உன் காதுக்கு, உன் வாய் என் காதுக்கு என்று குறுக்கே மாட்ட வேண்டும், அதில்தான் முதல் முறை எல்லோரும் தவறுவார்கள். கடையில் யுஎஸ்பி-டிடிஎல் என்று கேட்டால் விரல் நீளத்தில் ஒரு பொருள் கொடுப்பான், இருநூறு முந்நூறு ரூபாய்தான். கணினிப் பக்கம் ஒரு டெர்மினல் ஜன்னல், அதில் ஒரே ஒரு வரி. வேகம் சாதாரணமாக நொடிக்கு 115200 பிட். ஒரு எழுத்துக்கு எட்டு பிட், முன்னே ஒரு தொடக்க பிட், பின்னே ஒரு முடிவு பிட், ஆகப் பத்து. எனவே நொடிக்கு 11520 எழுத்து. பெரிய ரௌட்டர்களும் சுவிட்சுகளும் இன்றும் 9600-இலேயே பேசுகின்றன, அது நொடிக்கு 960 எழுத்து. நாம் படிக்கும் வேகத்துக்கு அதுவே அதிகம்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆர்எஸ்-232 என்பது 1960-இல் அமெரிக்காவில் வகுத்த தரம். கூட்டல் கழித்தலாக 3 முதல் 15 வோல்ட் வரை போகும். இன்றைய பெட்டிகளுக்குள் இருக்கும் பின்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட். முன்னதைக் கொண்டுபோய்ப் பின்னதில் செருகினால் புகைதான். அதே போல் அடாப்டரில் இருக்கும் நாலாவது கம்பி, மின்சாரம் தருவது, அதைத் தொடாதீர்கள். பெட்டிக்குத் தன் சொந்த மின்சாரம் இருக்கிறது.

இப்போது வாதத்துக்கு வருகிறேன்.

ஆப் இருக்கிறதே, வெப் பக்கம் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, ஐயா. பெட்டி ஆரோக்கியமாக இருக்கும்போது மட்டும் இருக்கிறது. ஆப் பேச வேண்டுமென்றால் நெட்வொர்க் எழுந்திருக்க வேண்டும், அதற்குமுன் கெர்னல் எழ வேண்டும், அதற்கும் முன் பூட்லோடர் எழ வேண்டும். கோளாறு பூட்லோடரில் என்றால் ஆப் என்ன செய்யும்? "சாதனம் கிடைக்கவில்லை" என்று சொல்லும். காய்ச்சல் வந்தவன் நடந்து வந்தால்தான் நாடி பார்ப்பேன் என்று சொல்லும் வைத்தியரை என்ன செய்வது?

இது ஏதோ வீட்டுப் பெட்டிக் கதை என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு இணைப்புகளையே துண்டித்துவிட்டது. தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த தனி வழியும் அன்றைக்குப் படுத்துவிட்டது. கடைசியில் ஆட்களை நேரில் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு 2022 ஜூலை 8, கனடாவில் ரோஜர்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம் விழுந்தது. 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள். அவசர உதவிக்கான 911 அழைப்பே பலருக்குப் போகவில்லை. காரணத்தை ஆராய்ந்தவர்கள் சொன்ன முக்கியமான ஒன்று: நெட்வொர்க்கைக் கவனிக்க வைத்திருந்த வழி அதே நெட்வொர்க்கின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் விழுந்தவனைத் தூக்கும் கயிறும் அதே கிணற்றுக்குள் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். மேகக் கணினி என்கிறார்களே, அதில் கையால் தொடக்கூடிய பெட்டியே நமக்குக் கிடையாது, பிறகு எங்கே போர்ட், எங்கே கம்பி? ஆனாலும் அமேசான் 2021 மார்ச்சில் தன் மேகக் கணினிகளுக்கு சீரியல் கன்சோல் வசதியைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் கொடுத்திருக்கின்றன. இல்லாத கம்பிக்கு இருப்பதுபோல் பாவனை! கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே, கணினி எழுந்திருக்காமல் முரண்டு பிடித்தால் கடைசியில் இதுதான் கைகொடுக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நம் வீட்டுக்கு வரும் பெட்டியில் மட்டும் அந்த நாலு பின்களையும் பசை ஊற்றி மூடுகிறார்கள்.

"பழசு" என்ற சொல்லுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆமாம், பழசுதான். அதற்கென்ன? வேகத்தை பாட் என்று சொல்கிறோமே, அது எமில் போதோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். எங்களுக்கெல்லாம் பள்ளியில் "போ" என்றே உச்சரிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், இந்த அலகு பாடத்தில் வந்திருந்தால். 1869-இல் தபால் தந்தி இலாகாவில் பயிற்சி ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர். 1874-இல் ஐந்து பிட் தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஐந்து விசைகள்: இடது கையின் இரு விரலுக்கு இரண்டு, வலது கையின் மூன்று விரலுக்கு மூன்று. அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஜாதிப்பற்று மாதிரி ஒரு பெருமை உண்டு, மறைக்கவில்லை. லினக்ஸில் போர்ட்டின் பெயர் டிடிஒய் என்று தொடங்குவதற்குக் காரணம் டெலிடைப். 1963-இல் வந்த டெலிடைப் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அந்தக் கடகட இயந்திரத்துக்கும் உங்கள் மேஜைமேல் இருக்கும் லேப்டாப்புக்கும் இடையே இந்த ஒரு நூல் அறுபடாமல் வந்திருக்கிறது. எத்தனை இணைப்புகள் வந்து வந்து போயின, யோசித்துப் பாருங்கள்.

எங்கள் அலுவலகத்தில் எண்பதுகளின் கடைசியில் ஒரு யூனிக்ஸ் கணினி வந்தது. நான் அப்போது மேல்நிலை எழுத்தர். ஓர் அறைக்குள் ஏசி போட்டு கணினியை வைத்து, அதிலிருந்து எட்டுக் கம்பிகள் எட்டு மேஜைக்கு. மேஜையில் இருந்தது திரையும் விசைப்பலகையும் மட்டும், வேறு ஒன்றும் இல்லை. சம்பளப் பட்டியல் அதில்தான் போட்டோம். சில நேரம் ஒரு கோப்பைத் தவறாகத் திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கல் விழும். அடிக்கிற எழுத்து தெரியாது, என்டர் அழுத்தினால் வேலை செய்யாது. மேஜைக்காரர் பயந்து எழுந்துவிடுவார். கணினிப் பொறுப்பில் இருந்த தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் வந்து, நின்றபடியே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஏதோ தட்டுவான், திரை தெளிந்துவிடும். ஒரு நாள் கேட்டேன். "கன்ட்ரோல் ஜே சார், அப்புறம் எஸ்டிடிஒய், ஒரு ஸ்பேஸ், சேன், திரும்ப கன்ட்ரோல் ஜே. அவ்ளோதான்." சேன் என்றால் புத்தி தெளிந்த நிலை. கன்ட்ரோல் ஜே என்றால் அடுத்த வரிக்குப் போ. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் என் லேப்டாப்பில் டெர்மினல் கிறுக்கியபோது இதையே தட்டினேன். தெளிந்தது. அந்த நாளில் நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்ட வேர்ட்ஸ்டார் இன்றைக்கு எதற்கு உதவுகிறது? இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கற்கும் நேரம் உங்களுக்கும் குறைவுதான், எனக்கும் குறைவுதான். நாற்பது வருடம் நிற்பதைக் கற்றுக்கொண்டால் லாபமா, நாலு வருடத்துக்கு ஒருமுறை பொத்தான் இடம் மாறுவதைக் கற்றுக்கொண்டால் லாபமா?

அடுத்து, கட்டளை வரி எதற்கு, அழகான ஜன்னல் மென்பொருள் இல்லையா என்பவர்கள். இருக்கிறது. சைமன் டேத்தம் எழுதிய புட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, இலவசமாகக் கொடுத்த புண்ணியவான். ஆனால் விண்டோஸோடு கூடவே வந்த ஹைப்பர் டெர்மினலை நம்பியிருந்தவர்கள் விஸ்டா வந்தபோது என்ன ஆனார்கள்? அது காணாமலே போயிற்று. அது கிடக்கட்டும். எனக்கு முக்கியமான காரணம் வேறு. ஜன்னலை போனில் சொல்ல முடியாது. வரியைச் சொல்ல முடியும்.

காரைக்காலில் எனக்கு ஒரு நண்பர், பள்ளித் தோழர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் ஒரு சேமிப்புப் பெட்டி, நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்று விற்கிறார்களே அது, உள்ளே 2 டெராபைட் வட்டு ஒன்று. மறைந்த மனைவி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன குரல் பதிவுகள், மூன்று கல்யாணப் படங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். ஒரு நாள் மின்சாரம் போய் வந்த பிறகு பெட்டி எழவில்லை. ஆப் தன் வழக்கப்படி கைவிரித்தது. கம்பெனிக்கு எழுதினார், வாரன்டி முடிந்துவிட்டது, புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் வட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டினார். வட்டில் இருந்தது லினக்ஸ் அமைப்பு. விண்டோஸுக்கு அது புரியாது, புரியவில்லை என்று சொல்லாமல், "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. கடைக்காரரும், "டிஸ்க் போச்சு சார், ஃபார்மட் பண்ணி வேணா தர்றேன்" என்றார். நல்ல வேளை, நண்பர் வட்டைத் திரும்ப மாட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிரவு எனக்கு போன். "என்னப்பா பண்றது?" குரல் சரியில்லை.

அவர் வீட்டுப் பழைய லேப்டாப்பில் நான் முன்பே லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அடாப்டர் ஒன்றை கூரியரில் அனுப்பினேன். பேத்தி கல்லூரியில் படிக்கிறாள், பெட்டியைத் திறந்து, நாலு பின்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, மூன்று கம்பியை மாட்டினாள். நண்பர் விசைப்பலகையில் உட்கார்ந்தார். புதுச்சேரியிலிருந்து நான் போனில் சொல்லச் சொல்ல அவர் அடித்தார்.

எங்கள் பள்ளியில் வாரம் தவறாமல் திக்தே உண்டு. ஆசிரியர் ஒரு பத்தியை வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். நிறுத்தக்குறிகளையும் வாய்விட்டே சொல்வார்: வீர்குல், புவென். அடுத்த வரிக்குப் போக வேண்டுமென்றால் "ஆ லா லீஞ்". அறுபது வருடம் கழித்து அதையே செய்தோம். பிக்கோகாம் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, பிறகு எஸ்பாஸ், தீரே, சின்ன பி, எஸ்பாஸ், 115200, எஸ்பாஸ், பார் ஓப்லீக், டிஈவி, மறுபடி பார் ஓப்லீக், சின்ன எழுத்தில் டிடிஒய், பெரிய எழுத்தில் யுஎஸ்பி, பூஜ்யம். ஆ லா லீஞ். ஒரு பிழை இல்லாமல் அடித்தார். (பள்ளியில் அவருக்குத்தான் எப்போதும் இருபதுக்குப் பதினெட்டு.) இதையே "இடது மேல் மூலையில ஒரு சின்னப் படம் இருக்கும், அதை அமுக்கு, இல்ல இல்ல அது இல்ல" என்று செய்திருந்தால் இரவு முழுக்கப் போதாது.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் வரிகள் ஓடின. "தாத்தா, ஓடிட்டே இருக்கு, படிக்க முடியல" என்றாள் பேத்தி. நிற்கட்டும், கடைசி வரியைப் படி என்றேன். படித்தாள். கோப்பு அமைப்பில் எதிர்பாராத முரண்பாடு, சோதனைக் கட்டளையைக் கையால் இயக்கு. அதற்குக் கீழே, பராமரிப்புக்காக ரூட் கடவுச்சொல்லைக் கொடு.

அந்தப் பெட்டி பத்து நாளாக ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுத்தபோதும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லைக் கொடு, நான் சரிசெய்து கொள்கிறேன் என்று. கம்பெனிக்காரர் அதைச் சொல்லவில்லை, ஆப் சொல்லவில்லை, கடைக்காரருக்குக் கேட்கவில்லை. வட்டு போகவில்லை. மின்வெட்டில் அட்டவணை கலைந்திருந்தது, அவ்வளவே.

உடனே சரிசெய்ய விடவில்லை நான். அதே அளவில் புது வட்டு ஒன்று வாங்கச் சொல்லி, லேப்டாப்பில் மாட்டி, பழையதைப் பிட் பிட்டாகப் பிரதி எடுத்தோம். மாலையில் தொடங்கியது நள்ளிரவுக்குப் பிறகு முடிந்தது. பழைய வட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் பிரதியைப் பெட்டியில் போட்டு அதில் சோதனைக் கட்டளையை ஓட்டினோம். சில கோப்புகள் பெயரிழந்து, லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் என்ற அடைவுக்குள் வெறும் எண்களோடு வந்து கிடந்தன. மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. குரல் பதிவு ஒன்றை நண்பர் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும், டெர்மினல் ஆட்களும் புனிதர்கள் அல்ல. மினிகாம் என்ற மென்பொருளில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் என்பது தானாகவே "ஆம்" என்று வைத்திருக்கும். மூன்று கம்பி இணைப்பில் அதற்கான கம்பியே கிடையாது. விளைவு, பெட்டி பேசுவது திரையில் தெரியும், நாம் அடிப்பது போய்ச் சேராது. எத்தனை பேர் கம்பியைக் குறை சொல்லிக் கழற்றிக் கழற்றி மாட்டியிருப்பார்கள்! இன்னொன்று, டெபியனிலும் உபுண்டுவிலும் நம் பெயரை டயல்-அவுட் என்ற குழுவில் சேர்த்தால்தான் போர்ட் திறக்கும். தொலைபேசி மோடம் காலத்துப் பெயர். இதையெல்லாம் புதியவனுக்கு நேரடியாகச் சொல்லாமல், கையேட்டைப் படி என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிபுணர்களும் இந்த வழி அடைபட்டதற்குப் பாதிக் காரணம் என்பேன்.

சரி, எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் பார்த்துவிடுவோம். பாதுகாப்பு. கன்சோல் திறந்திருந்தால் பெட்டியைக் கையில் எடுக்கிற எவனும் உள்ளே நுழைவானே? உண்மை. ஆராய்ச்சியாளர்கள் பல மலிவுக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் இந்தப் பின்கள் வழியாகத்தான் திறந்து, எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டிருப்பதை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே குற்றவாளி கம்பியா, கடவுச்சொல்லா? பெட்டிக்கு ஒரு தனிக் கடவுச்சொல் போட்டு அடியில் ஒட்டினால் தீர்ந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரியான ஆரம்பக் கடவுச்சொல் வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. செய்யக்கூடிய காரியம்தான். தவிர, என் வீட்டுக்குள் நுழைந்து, ஸ்க்ரூ கழற்றி, மூன்று கம்பி மாட்டும் அளவுக்குத் திருடனுக்கு நேரம் இருந்தால் அவன் பீரோவைப் பார்ப்பான், ரௌட்டரைப் பார்க்க மாட்டான். பசை ஊற்றுவது திருடனுக்காக இல்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்காக.

வாங்கியவன் சொந்தக்காரனா என்பதுதான் இங்கே கேள்வியே. ரெவால்வ் என்று ஒரு வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, 300 டாலர். அந்தக் கம்பெனியை கூகுளின் நெஸ்ட் 2014-இல் வாங்கியது. 2016 மே 15 அன்று சேவையை நிறுத்தினார்கள். சேவை மட்டுமா? பெட்டியும் செத்தது. அதே 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனி, போலிச் சிப்புகளை ஒழிக்கிறேன் என்று, விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த ஒரு டிரைவரில் அந்தச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. இதே சீரியல் அடாப்டர்களில் இருக்கும் சிப்தான். போலி என்று தெரியாமல் வாங்கியவர்களின் பொருள் ஒரே நாளில் ஊமையானது. கூச்சல் கிளம்பியதும் பின்வாங்கினார்கள். லினக்ஸ் ஆட்கள் அந்தப் பூஜ்ய எண்ணையும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்துவிட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் மினிதெல். எண்பதுகளில் பிரான்சில் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சின்னத் திரைப்பெட்டி. பாரிஸ் பக்கம் போய்த் தங்கிவிட்ட எங்கள் ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றி அளப்பார்கள்: ரயில் டிக்கெட் அதில்தான், தொலைபேசி எண் தேடுவதும் அதில்தான். 2012 ஜூன் 30-இல் சேவையை மூடினார்கள். ஆனால் பெட்டியின் பின்னால் ஒரு வட்டத் துளை வைத்திருந்தார்கள் அல்லவா, அது சீரியல் போர்ட். சேவை போன பிறகும் ஆட்கள் அதில் கம்பி செருகி, லினக்ஸுக்கு டெர்மினலாக மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த இலவசப் பெட்டி கம்பெனி மூடிய பிறகும் பேசுகிறது. 300 டாலர் பெட்டி பேசவில்லை. வித்தியாசம் அந்தத் துளை.

நான் என்ன கேட்கிறேன்? குமாஸ்தா புத்தி, ஒரு படிவம்தான் கேட்பேன். பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து சில பொருட்களுக்கு விலைச்சீட்டுப் பக்கத்திலேயே பழுதுபார்க்கும் தகுதி என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். கையேடு கிடைக்கிறதா, கழற்ற முடிகிறதா, உதிரிபாகம் இருக்கிறதா, என்ன விலை என்று ஐந்து தலைப்பு. கைப்பேசி, லேப்டாப், டிவி, துணி துவைக்கும் இயந்திரம் என்று தொடங்கினார்கள். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்தார்கள். நல்லது. அந்தப் படிவத்தில் ஆறாவதாக ஒரு வரி சேருங்கள்: கன்சோல் பின்கள் எங்கே, எத்தனை வோல்ட், என்ன வேகம், கடவுச்சொல் எங்கே ஒட்டியிருக்கிறது. நாலு பின்னுக்குக் கம்பெனிக்கு ஆகும் செலவு ஒரு டீ காசு இல்லை. தொழிற்சாலையில் சோதிக்க அவர்களே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு உதவுவதை வாங்கியவனுக்கும் விட்டு வைக்கச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை. அரசாங்க அலுவலகங்கள் டெண்டர் போடும்போதாவது இந்த வரியைச் சேர்க்கலாம். ரௌட்டர்களை மொத்தமாக வாங்கி, மூன்றே வருடத்தில் கழிவுப் பட்டியலில் ஏற்றிக் கையெழுத்துக்கு அனுப்பிய கோப்புகள் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. எத்தனை உண்மையில் செத்தவை, எத்தனை கடவுச்சொல் கேட்டுக் காத்திருந்தவை என்று யாரும் கேட்டதில்லை.

கடைசியாக, முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு. பிக்கோகாம் போட முடியாவிட்டால் ஸ்க்ரீன் என்பதே போதும், மேக்கில் கூட அது இருக்கிறது. ஸ்க்ரீன், எஸ்பாஸ், போர்ட்டின் பெயர், எஸ்பாஸ், வேகம், ஆ லா லீஞ். முதலில் திரை வெறுமையாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஒருமுறை என்டர் அழுத்துங்கள். சீன எழுத்து மாதிரி குப்பை வந்தால் வேகம் தவறு; 115200 இல்லையென்றால் 57600, 38400, 9600 என்று இறங்கிப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் வாயும் காதும் மாறியிருக்கும், இரண்டு கம்பியை இடம் மாற்றுங்கள். வெளியே வர முடியாமல் தவிக்காதீர்கள்: கன்ட்ரோலோடு ஏ, கையை எடுத்துவிட்டு கே, கேள்வி கேட்டால் ஒய். பிக்கோகாம் என்றால் கன்ட்ரோலை விடாமல் ஏ, பிறகு எக்ஸ்.